கார் நிற்கும் முற்றம்

என் பழைய நண்பர் ஒருவரின் மகள் புனேயில் இருக்கிறாள். மார்ச் மாதத்தில் ஒரு ராத்திரி போன் செய்தாள். “மாமா, ஒரு பஞ்சாயத்து. நீங்க வந்துதான் தீர்த்து வைக்கணும்” என்றாள். கணவன் மனைவி தகராறு என்றால் அந்தப் பக்கமே போவதில்லை என்பது என் நீண்ட நாள் கொள்கை. அதைச் சொன்னேன். “தகராறுதான். ஆனா வீட்டைப் பத்தி” என்றாள்.

விஷயம் இதுதான். கோத்ருட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். சொந்தமாக ஒரு ஃப்ளாட் வாங்கிவிடலாம் என்று வங்கிக் கடன் வரை வந்தாயிற்று. இரண்டு ஃப்ளாட்டுகள் கடைசிச் சுற்றில் நிற்கின்றன. ஒன்று நகரத்தின் நட்ட நடுவில், சதாசிவ் பேட்டில், பழைய வாடா ஒன்றை இடித்துக் கட்டிய நாலு மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடி. 610 சதுர அடி. மற்றது நகரத்தின் மேற்கு எல்லையில், வாகட் தாண்டி, ஆறு கோபுரங்கள் உள்ள வளாகத்தில் 19-வது மாடி. 890 சதுர அடி. விலை ஏறக்குறைய ஒன்றுதான்.

கணவருக்கு ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் வேலை. இவளுக்கு திலக் ரோடு பக்கத்தில் ஒரு கல்லூரியில் வேலை. இரண்டுக்கும் இடையே சுமார் 20 கிலோமீட்டர். எந்த ஃப்ளாட்டை வாங்கினாலும் ஒருவர் தினமும் பஸ்ஸிலோ காரிலோ தேய வேண்டும். எட்டு வயதில் ஒரு பெண், நாலு வயதில் ஒரு பையன், அறுபத்தெட்டு வயதில் ஒரு பாட்டி. பாட்டி என்பது என் நண்பரின் மனைவி. நண்பர் இப்போது இல்லை.

“குழந்தைகளுக்கு எது நல்லதுன்னு நீங்க சொல்லுங்க. அதையே வாங்கறோம்” என்றாள். குழந்தைகளின் பெயரால்தான் உலகத்தில் பாதி ரியல் எஸ்டேட் விற்பனையாகிறது. விளம்பரங்களைப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரு குழந்தை புல்தரையில் பலூனோடு ஓடும். அந்தப் புல்தரையில் அதை யார் ஓட விடுவார்கள் என்று மட்டும் எந்த விளம்பரமும் சொல்வதில்லை. சரி, பார்த்துவிடலாம் என்று டிக்கெட் எடுத்தேன்.

புனேயின் பூகோளம் தெரியாதவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. பழைய நகரம் முழுவதும் பேட், பேட் என்றுதான் இருக்கும். வேறொன்றுமில்லை, நம் பேட்டைதான். சைதாப்பேட்டை, ராயப்பேட்டை மாதிரி சோம்வார் பேட், புத்வார் பேட், சனிவார் பேட் என்று வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு பேட்டைகள். சதாசிவ் பேட் என்பது 1761-ல் பானிபட்டில் மாண்ட சதாசிவராவ் பாவுவின் பெயரைத் தாங்கியது. ராஸ்தா பேட் என்று ஒன்று இருக்கிறது. சாலை என்று அர்த்தமில்லை. ராஸ்தே என்ற சர்தார் குடும்பத்தின் பெயர். தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடம் அது. அங்கே கேஇஎம் மருத்துவமனை இருக்கும் சாலைக்கு சர்தார் முதலியார் சாலை என்று பெயர். புனேயின் நடுவில் ஒரு முதலியார் பெயர்ப் பலகையைப் பார்த்து முதல் முறை நான் நின்றுவிட்டேன்.

என் நண்பர் வளர்ந்தது அந்த ராஸ்தா பேட்டில்தான். அவருடைய அப்பா கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலைக்கு வந்தவர். குடியிருந்தது ஒரு வாடாவில். வாடா என்பதை நம் ஊர் ஆசாமிக்கு எளிதில் விளக்கிவிடலாம். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரிய வீடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் முற்றம். அதற்கு அவர்கள் சௌக் என்பார்கள். அதில் ஒரு துளசி மாடம், ஒரு குழாய். சுற்றித் தாழ்வாரம். மேலே மரத்தில் மாடி. ஒரு காலத்தில் அதில் ஒரே ஒரு பெரிய குடும்பம் இருந்தது. பிறகு ஒவ்வொரு அறையிலும் ஒரு குடும்பம் வந்தது. திருவல்லிக்கேணியில் ஒண்டுக் குடித்தனம் என்றோமே, அதேதான்.

நண்பர் உயிரோடு இருந்தவரை அந்த முற்றத்தைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. பதினொரு குடும்பம், இருபத்தைந்து பிள்ளைகள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையை வீசிவிட்டு முற்றத்தில் இறங்கினால் ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் ஏறுவது. எந்தப் பிள்ளை விழுந்தாலும் எந்தத் தாழ்வாரத்திலிருந்தும் யாராவது ஒருத்தி இறங்கி வந்து தூக்குவாள். இரண்டு அடியும் வைப்பாள். அவருடைய மராத்தி அந்த முற்றத்தில் கற்றது. ‘குழந்தையை வளர்த்தது அம்மா இல்லை சார், வாடா’ என்பது அவர் வசனம்.

அந்த வாடா இப்போது இல்லை. 1990-களில் இடித்துவிட்டார்கள். புனேயின் வாடாக்கள் போனதற்கு ஒரு காரணம் அல்ல, பல காரணங்கள். 1961 ஜூலை 12-ந் தேதி பான்ஷேட் அணை உடைந்து, கடக்வாஸ்லா அணையும் தாங்காமல், முட்டா நதி ஊருக்குள் புகுந்தது. ஆற்றங்கரைப் பேட்டைகளின் மண் சுவர்கள் பல அன்றே கரைந்தன. வீடிழந்தவர்கள் கோகலே நகர், சகார் நகர் என்று புதிய குடியிருப்புகளுக்குப் போனார்கள். மிச்சத்தைக் கவனித்துக்கொண்டது வாடகைச் சட்டம். 1947-ம் வருட பம்பாய் வாடகைச் சட்டம், 1940 செப்டம்பரில் என்ன வாடகையோ அதையே நியாய வாடகையாக நிறுத்தி வைத்தது. அதை மாற்றி ஆண்டுக்கு 4 சதவீதம் ஏற்றிக்கொள்ளலாம் என்று புதுச் சட்டம் வந்தது 1999-ல். இடைப்பட்ட அரை நூற்றாண்டில் வீட்டுச் சொந்தக்காரருக்கு வாடகையில் ஒரு ஓடு மாற்றக்கூடக் கட்டுப்படியாகவில்லை. குடியிருந்தவர் தன் வீடு இல்லையே என்று ஆணி அடிக்கவில்லை. இருவருக்கும் நடுவில் வாடா மெல்ல உட்கார்ந்தது. கடைசியில் பில்டர் வந்தார். சொந்தக்காரருக்குப் பணம், குடித்தனக்காரருக்கு ஃப்ளாட், தனக்கு மிச்ச மாடிகள் என்று பங்கு போட்டார். எல்லாருக்கும் சந்தோஷம்.

பங்கு கிடைக்காதது ஒன்றுக்குத்தான். முற்றத்துக்கு.

முதல் நாள் சதாசிவ் பேட் ஃப்ளாட்டைப் பார்க்கப் போனோம். பாட்டி வீட்டிலேயே இருந்துவிட்டார். குழந்தைகள் இருவரும் வந்தார்கள். கட்டடம் தூண்களின் மேல் நிற்கிறது. தரைத்தளம் முழுக்க பார்க்கிங். கார்கள் ஒன்றையொன்று முத்தமிடும் நெருக்கத்தில் ஆறு. அவற்றின் இடுக்கில் ஸ்கூட்டர்கள் முப்பது. தூணில் ஒரு அறிவிப்புப் பலகை. புனேக்காரர்களின் பலகைகள் நாடெங்கும் பிரசித்தம். மராத்தியில் ‘புனேரி பாட்டி’ என்று அவற்றைத் தனி இலக்கியமாகவே தொகுக்கிறார்கள். மத்தியானம் ஒன்றிலிருந்து நான்கு வரை கடை மூடியிருக்கும், மணியடித்தாலும் திறக்க மாட்டோம் என்கிற தினுசு. இந்தத் தூணில் இருந்தது இது: ‘இங்கே விளையாடக் கூடாது. பந்து பட்டுக் கார் சேதமானால் பந்தின் சொந்தக்காரருடைய தகப்பனார் பொறுப்பு.’

எட்டு வயதுப் பெண் அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். மராத்தி மீடியம். பிறகு தம்பிக்கு மொழிபெயர்த்தாள்.

மேலே போனோம். சின்ன ஃப்ளாட், ஆனால் கெட்டியான கட்டுமானம். முன்பக்கம் தெருவைப் பார்த்து ஒரு பால்கனி. பக்கவாட்டு ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர். நடுப்பகலில் ட்யூப்லைட் போட வேண்டும். விநாயக சதுர்த்தி பத்து நாளும் தோல், தாஷா முழக்கத்தில் தூங்க முடியாது என்று பக்கத்து ஃப்ளாட்காரர் பெருமையோடு சொன்னார். ஆண்டு முழுவதும் தெருவில் ஹாரன்.

நான் கேட்டேன்: “இங்கே பிள்ளைகள் எங்கே விளையாடும்?” அவர் யோசித்தார். “சாரஸ் பாக் இருக்கே.” இருக்கிறது. அருமையான பூங்கா. பக்கத்திலேயே பேஷ்வே பூங்கா. அங்கே ஒரு காலத்தில் மிருகக்காட்சிசாலை இருந்தது. 1999-ல் காத்ரஜுக்குப் போய்விட்டது. ஆனால் பூங்காவுக்குப் போக திலக் ரோடு, பாஜிராவ் ரோடு என்று இரண்டு நதிகளைக் கடக்க வேண்டும். முட்டா நதியாவது வெயில் காலத்தில் வற்றும். இவை வற்றாது.

ஏன் ஒரு சின்ன மைதானம்கூட இல்லை என்று பில்டரைத் திட்டுவது சுலபம். அவர் சட்டப்படிதான் கட்டியிருக்கிறார். மகாராஷ்டிரத்தின் கட்டட விதிகள், 4,000 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட மனையில்தான் பத்து சதவீதத்தைப் பொழுதுபோக்குத் திறந்தவெளியாக விடச் சொல்கின்றன. 4,000 சதுர மீட்டர் என்றால் ஏறக்குறைய ஒரு ஏக்கர். பேட்டைகளில் ஒரு வாடாவின் மனை அதில் சின்னத் துண்டு. எனவே திறந்தவெளி வேண்டாம். கார் நிறுத்தும் இடம் மட்டும் கட்டாயம் வேண்டும். காருக்குச் சட்டத்தில் இடம் உண்டு, கல்லாட்டத்துக்கு இல்லை. ஒரு தெருவில் இருபது வாடாக்கள் இடிந்து இருபது கட்டடம் எழும்பினால், இருபது முற்றங்கள் இருந்த இடத்தில் இருபது பார்க்கிங். ஒரு விதியும் மீறப்படவில்லை.

ஆனால் கட்டடத்தை விட்டு வெளியே வந்ததும் கணக்கு மாறியது. பெண்ணைப் பள்ளிக்கூடம் வரை நடத்திப் பார்த்தோம். புனேயின் மானமுள்ள பள்ளிகள் பல இந்தப் பேட்டைகளில்தான் இருக்கின்றன. 1883-ல் தொடங்கிய நூதன் மராத்தி வித்யாலயா, 1884-ல் பெண்களுக்காகத் தொடங்கிய ஹுஜூர்பாகா, 1962-ல் சதாசிவ் பேட்டிலேயே பிறந்த ஞான பிரபோதினி. ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாயும் 1848-ல் பெண்களுக்குப் பள்ளி தொடங்கியது பக்கத்து புத்வார் பேட்டில், பிடே வாடாவில். கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. நாட்டில் பல இடங்களில் அது காகிதம். இங்கே அது காலால் அளக்கக்கூடிய உண்மை. எட்டு வயதுக்காரி பன்னிரண்டு நிமிடத்தில் நடந்தாள். வழியில் ஸ்டேஷனரிக் கடைக்காரர், மாவு மில்காரர், வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி மூவரும் யார் வீட்டுக் குழந்தை என்று விசாரித்தார்கள். அப்பா பல்வந்த் சௌக்கில் புத்தகக் கடைகளைப் பார்த்ததும் அவள் நகர மறுத்தாள்.

நியூயார்க்கில் ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அம்மாள் 1961-ல் ஒரு புத்தகம் எழுதினார். தெருவைக் காப்பாற்றுவது போலீஸ் அல்ல, தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள்தான் என்றார். சதாசிவ் பேட்டில் கண்களுக்குப் பஞ்சமே இல்லை. சமயத்தில் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

இரண்டாம் நாள் கோபுரம். வாசலில் சல்யூட் அடித்தார்கள். நீச்சல் குளம், ஊஞ்சல், சறுக்குமரம், ரப்பர் தரை, கிரிக்கெட் வலை. நாலு வயதுப் பையன் சறுக்குமரத்தில் ஏறியவன் இறங்கி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. கார்கள் எல்லாம் பூமிக்கடியில். மேலே வளாகம் முழுக்கச் சைக்கிள் விடும் பிள்ளைகள். பொய் சொல்லக் கூடாது, என் மனசு அந்தப் பக்கம் சாய்ந்தது. ஒரு காலத்தில் சைக்கிள் நகரம் என்று பெயரெடுத்த புனேயில், குழந்தை பயமில்லாமல் சைக்கிள் விடுவதை அன்றைக்கு அங்கேதான் பார்த்தேன்.

19-வது மாடிக்கு ஏறினோம். காற்று, வெளிச்சம், தூரத்தில் மலை. பால்கனியிலிருந்து கீழே பார்த்தால் பிள்ளைகள் எறும்பு. லிஃப்டில் ஒரு பலகை: பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர் பெரியவர் துணையின்றி ஏறக் கூடாது. அதாவது எட்டு வயதுக்காரி சறுக்குமரத்துக்குப் போக வேண்டுமானால் ஒரு பெரியவர் இறங்கி வர வேண்டும். அம்மா கல்லூரியிலிருந்து வந்து சேர ஏழரை. அப்பா ஆறு மணிக்கு வந்தாலும் லாப்டாப்போடு வருகிறவர். பாட்டிக்கு முழங்கால். சறுக்குமரம் இருக்கிறது, அதற்கும் குழந்தைக்கும் நடுவில் பத்தொன்பது மாடி இருக்கிறது. கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் என்ற கட்டடக் கலைஞர் 1977-ல் வெளிவந்த தம் புத்தகத்தில் மனிதர்கள் குடியிருக்க நாலு மாடி போதும் என்று வரம்பு கட்டினார். கொஞ்சம் பிடிவாதக்காரர்தான். ஆனால் ஜன்னலிலிருந்து கூப்பிட்டால் குழந்தைக்குக் கேட்க வேண்டும் என்ற கணக்கு எந்த அம்மாவுக்கும் புரியும்.

பள்ளி பஸ் காலை 6.40-க்கு என்றார்கள். வெயில் காலத்தில் தண்ணீர் டாங்கரில். வளாகத்தின் கேட்டைத் தாண்டினால் நடைபாதை கிடையாது, லாரிகள். ஒரு பென்சில் வாங்கக் கார் எடுக்க வேண்டும், அல்லது போனில் ஆர்டர் செய்ய வேண்டும்.

இந்தப் பஞ்சாயத்து புனேக்கு மட்டும் வந்ததல்ல. கனடாவின் வான்கூவரில், நகர மையத்தில் கோபுரங்கள் கட்டத் தொடங்கியபோது, அங்கே குடும்பங்களும் வாழ வேண்டும் என்று முடிவெடுத்து 1992-லேயே விதிமுறை எழுதினார்கள். அடுக்குமாடிகளில் விளையாட்டு இடம் எப்படி இருக்க வேண்டும், வீட்டிலிருந்து அது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. 2004-ல் அங்கே ஒரு ஆரம்பப் பள்ளி திறந்தார்கள். சீக்கிரமே இடம் போதவில்லை. நகர நடுவில் குழந்தைகளோடு யார் இருப்பார்கள் என்று கேட்டவர்களுக்கு அந்த வரிசை பதில் சொன்னது. டொரன்டோ 2020-ல் இதே போன்ற விதிமுறை கொண்டுவந்தது. பெரிய கட்டடங்களில் கால்வாசி வீடுகளாவது இரண்டு, மூன்று படுக்கையறை கொண்டவையாக இருக்க வேண்டும் என்றது. அங்கேயெல்லாம் பில்டர்கள் ஒற்றை ஆசாமிக்கான புறாக்கூண்டுகளையே கட்டித் தள்ளுகிறார்கள் என்பது கவலை. நமக்கு அந்தக் கவலை இல்லை. நாம் புறாக்கூண்டிலும் பாட்டியோடு ஆறு பேர் இருந்து காட்டியவர்கள்.

நமக்குப் பாடம் சிங்கப்பூரிடம் இருக்கிறது. அங்கே பெரும்பாலோர் வசிப்பது அரசு வீட்டு வசதிக் கழகத்தின் அடுக்குமாடிகளில்தான். 1970-களிலிருந்து அந்தக் கட்டடங்களின் தரைத்தளத்தைத் தூண்கள் மட்டும் நிற்க வெறுமையாக விட்டார்கள். அங்கே கல்யாணம் நடக்கும், சாவு வீட்டுக் கூட்டம் நடக்கும், கிழவர்கள் சதுரங்கம் ஆடுவார்கள், குழந்தைகள் மழையில் நனையாமல் ஓடுவார்கள். கார்களுக்குத் தனி இடம். புனேயிலும் அதே தூண்கள், அதே தரைத்தளம். சிங்கப்பூரில் அது மனிதர்களுக்கு, இங்கே மாருதிக்கு. வித்தியாசம் கான்கிரீட்டில் இல்லை.

புனேயிலேயே இன்னொரு வழியையும் காட்டியிருக்கிறார்கள். ஹடப்சர் பக்கத்தில் மகர்பட்டா விவசாயிகள் தங்கள் நிலத்தைத் துண்டு துண்டாக விற்காமல், சுமார் 400 ஏக்கரைச் சேர்த்து, 2000-ம் ஆண்டு வாக்கில் தாங்களே ஒரு நகரத்தைக் கட்டத் தொடங்கினார்கள். அலுவலகம், பள்ளி, மருத்துவமனை, பெரிய பூங்கா எல்லாம் ஒரே வேலிக்குள். அடுக்குமாடிதான். ஆனால் நடந்து போகலாம். எனவே நகர நடுவா, புறநகரா என்பது கேள்வியே அல்ல என்று எனக்குப் படுகிறது. மாடியின் எண்ணிக்கையும் அல்ல. ஒரு குழந்தை யாருடைய தயவும் இல்லாமல் தன் காலால் போய்வரக்கூடிய இடம் எத்தனை என்பதுதான் கேள்வி. 1989-ல் ஐ.நா. சபை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-வது பிரிவு விளையாட்டைக் குழந்தையின் உரிமை என்கிறது. 1992-ல் இந்தியாவும் அதை ஏற்றது. உரிமையை லிஃப்டில் கூட்டிக்கொண்டு போக ஆள் வேண்டும் என்றால் அது உரிமையில்லை, சலுகை.

இரண்டாம் நாள் ராத்திரி என் தீர்ப்பைச் சொல்ல உட்கார்ந்தேன். பேட்டைதான் என்று முடிவு செய்திருந்தேன். நண்பரின் முற்றத்தைப் பற்றி நாலு வார்த்தை உருக்கமாக ஆரம்பித்தேன். பாட்டி கையமர்த்தினார்.

“முற்றத்தைப் பத்தி அவர் நிறையச் சொல்லியிருப்பார். அவர் அதுல விளையாடினார். நான் அதுல பாத்திரம் தேய்ச்சேன். பதினோரு குடும்பத்துக்கு ரெண்டு கக்கூஸ். விடிகாலைல வாளியோட வரிசையில நின்னது யாரு? மழை பெஞ்சா ஓட்டுலேர்ந்து ஒழுகும், ராத்திரி முழுக்க குழந்தையை இந்த மூலைலேர்ந்து அந்த மூலைக்கு மாத்தணும். யாராவது ஒருத்தி இறங்கி வந்து தூக்குவாள்னு சொல்றாரே, அந்த ஒருத்தி யாரு? ஒரு மத்தியானம் தூங்கினதில்லை நான்.”

எனக்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. முற்றத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அதில் விளையாடியவர்கள். தேய்த்தவர்களிடம் நாம் கேட்டதில்லை. எந்த வீடு குழந்தைக்கு நல்லது என்று கேட்கும்போது, எந்த வீட்டில் எந்தப் பெண்மணியின் மத்தியானம் செலவாகும் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். கோபுரத்தில் அது அம்மாவின் மாலை. வாடாவில் பாட்டியின் மத்தியானம்.

“அப்ப கோபுரமா மாமி?” என்று மருமகன் ஆசையோடு கேட்டார். அவர் சதாராக்காரர், இந்த வீட்டில் தமிழ் கற்றவர்.

“நான் அப்படிச் சொல்லலை. அங்கே நான் பத்தொன்பதாவது மாடியில யார்கிட்ட பேசுவேன்? குழந்தையைக் கேளுங்க” என்றார் பாட்டி.

கேட்டோம். எட்டு வயதுக்காரி ஊஞ்சலைப் பற்றியோ நீச்சல் குளத்தைப் பற்றியோ பேசவில்லை. அம்மாவைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டாள்: “எந்த வீட்ல என்னைத் தனியா கீழ அனுப்புவே?”

பெரியவர்கள் நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். உண்மையான பதில், இரண்டிலும் இல்லை என்பதுதான். ஒன்றில் லிஃப்ட், மற்றதில் ஸ்கூட்டர்.

கடைசியில் எடுத்த முடிவு புத்திசாலித்தனமானது. அதனால் அது என்னுடையது அல்ல. வாங்குவதை ஒத்திப்போட்டார்கள். அதே சதாசிவ் பேட் கட்டடத்தில் இரண்டாவது மாடியில் ஒரு ஃப்ளாட் வாடகைக்கு இருந்தது. ஒரு வருஷம் இருந்து பார்ப்பது, பிறகு வாங்குவது. வீடு வாங்கப் போகிறவர்களுக்கு நானும் இதையே சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஃப்ளாட் பார்க்காதீர்கள். அப்போது எல்லா ஃப்ளாட்டும் நன்றாக இருக்கும். வார நாளில் மாலை ஆறு மணிக்குப் போய், கீழே எத்தனை குழந்தைகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். பள்ளிக்கூடத்துக்கு ஒரு தடவை குழந்தையோடு நடந்து பாருங்கள். ஏப்ரலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று வாட்ச்மேனைக் கேளுங்கள், விற்பனைப் பெண்ணைக் கேட்காதீர்கள். சூப்பர் பில்ட்-அப் என்று சொன்னால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். 2016-ம் வருட ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி வீட்டுச் சுவர்களுக்குள் உபயோகிக்கக் கூடிய கார்பெட் ஏரியா எவ்வளவு என்பதுதான் கணக்கு. அறிவிப்புப் பலகைகளைக் கட்டாயம் படியுங்கள். ஒரு சொஸைட்டி குழந்தைகளைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது பலகையில்தான் இருக்கும்.

நகராட்சிகள் செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது, செலவும் அதிகமில்லை. புனே மாநகராட்சி ஜங்க்லி மகாராஜ் சாலையில் நடைபாதையை அகலப்படுத்தி, அதிலேயே குழந்தைகள் விளையாடச் சில சாதனங்களையும் வைத்தது. கடைக்குப் போகிற வழியில் பிள்ளைகள் அதில் ஏறி இறங்குவதை நானே பார்த்தேன். 2021 டிசம்பர் 11-ந் தேதி, எள் விழ இடமில்லாத லட்சுமி ரோட்டில் ஒரு பகுதியை வண்டிகளுக்கு மூடி நடப்பவர்கள் தினம் கொண்டாடினார்கள், பிறகும் தொடர்ந்தார்கள். ஒரு நாள் முடியுமென்றால், வாரத்தில் ஒரு மாலை, ஒரு சின்னச் சந்து ஏன் முடியாது? மாலையில் பூட்டிக் கிடக்கும் பள்ளி மைதானங்களை அந்தப் பேட்டைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட ஒரு சாவிதான் தேவை. 2024 செப்டம்பரிலிருந்து சிவில் கோர்ட்டிலிருந்து கஸ்பா பேட், மண்டை வழியாக ஸ்வார்கேட் வரை மெட்ரோ ரயில் பூமிக்கடியில் ஓடுகிறது. பெரியவர்களைப் பூமிக்கடியில் அனுப்பியாகிவிட்டது. மேலே மிச்சமாகும் இடத்தில் கொஞ்சம் பிள்ளைகளுக்கு வரட்டும்.

இந்தக் கட்டுரையை எழுதும் முன் போன் செய்தேன். குடி போய் நாலு மாதம் ஆகிறது. கணவர் ஹிஞ்சவடி போய் வருவதில் களைத்திருக்கிறார். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி வாங்கியிருக்கிறார். பாட்டிக்குக் கீழ்த்தளத்து மராத்திப் பாட்டியோடு சிநேகம். பெண் பள்ளிக்கு நடந்து போகிறாள். ஆனால் ரோடு கடக்கும் இடம் வரை இன்னும் யாராவது கூடப் போகத்தான் வேண்டியிருக்கிறது. பக்கவாட்டு அறையில் இன்னும் ட்யூப்லைட்.

சொஸைட்டிக் கூட்டத்தில் இவள் எழுந்து, மாலையில் இரண்டு மணி நேரம் பார்க்கிங்கில் நடுப்பகுதியைப் பிள்ளைகளுக்கு விட முடியுமா என்று கேட்டாளாம். ஸ்கூட்டர்களைச் சுவரோரம் நகர்த்தினால் போதும். ஒரு மணி நேர விவாதம். கார் வைத்திருந்த ஒரு ஓய்வு பெற்ற பெரியவர் கடுமையாக எதிர்த்தார். கடைசியில் தீபாவளி வரை பரீட்சார்த்தமாக ஒரு மணி நேரம் தரச் சம்மதித்தார்கள். அதுவும் ரப்பர் பந்து மட்டும்.

புதுப் பலகையை எழுதியது அந்த எதிர்த்த பெரியவரேதானாம். அவருக்குத்தான் கையெழுத்து நன்றாக இருக்கும். ‘மாலை 5.30 முதல் 6.30 வரை இங்கே குழந்தைகள் விளையாடுவார்கள். அந்த நேரத்தில் வரும் கார்கள் காத்திருக்கவும். ஹாரன் அடித்தால் காரின் சொந்தக்காரருடைய தகப்பனாருக்குத் தகவல் தரப்படும்.’